உள்ளத்தின் அந்தரங்கமும் பாதுகாப்பின் விலையும்: இரு ஐரோப்பிய நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

மனிதர் தம் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தேடித் தமது சுதந்திரத்தின் பெரும்பகுதியை அரசிடம் ஒப்படைத்தனர் என்ற கருத்து, மேலைத்தேய அரசியற் சிந்தனையிலே தோமஸ் ஹொப்ஸின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதாகும். 1651இல் வெளிவந்த 'லெவியதான்' என்னும் நூலிலே அவர் ஆள்வோனுக்கு வழங்காது விட்ட அதிகாரங்கள் மிகச் சிலவே. ஆயினும், அத்தகைய ஹொப்ஸ்கூட மனிதனின் உள்ளத்தை அவ்வொப்பந்தத்துக்கு வெளியே விட்டுவைத்தார். சொல்லையும் செயலையும் அரசு கட்டுப்படுத்தலாம். உள்ளத்தினுள்ளே ஒருவன் எதை நம்புகிறான், எதை மறுக்கிறான் என்பது எவர்க்கும் புலப்படாததாகையால் அங்கே சட்டத்துக்கு வேலையில்லை என்பது அவர் நிலைப்பாடு. பெருந்தன்மையிலும் பார்க்க, உள்ளே புகுவதற்கு அக்காலத்தில் கருவி இல்லாமையே இவ்விலக்குக்குக் காரணமாயிற்று எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் அக்கருவிகள் ஒவ்வொன்றாகத் தோன்றலாயின. பவ்லோவின் நாய்களிற் பெற்ற பாடம் மனிதருக்கும் பொருந்தும் எனக் கருதிய நடத்தைவாதிகள் ஒருபுறமும், 1935இலே போர்த்துக்கலில் மொனிஸ் தொடக்கிவைத்த மூளைச் சத்திரசிகிச்சை மறுபுறமுமாக, உள்ளம் என்பது செப்பனிடத்தக்க ஒரு பொருள் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இன்று மூளையின் மின்னலைகளைப் பதியும் தலைப்பட்டிகள் கடைச்சரக்காகிவிட்டன. குற்றமற்ற சமுதாயமொன்றின் பொருட்டு ஹொப்ஸ் கடக்காத எல்லையைக் கடக்கலாமா என்னும் வினாவைப் புனைகதையாக்கியோருள் ஹக்ஸ்லியும் ஓர்வெல்லும் பெரிதும் அறியப்பட்டோர். ஆயின், ஹக்ஸ்லியின் உலகரசு முதன்மையாக விற்பது இன்பத்தை. ஓர்வெல்லின் கட்சியோ அதிகாரத்தை அதிகாரத்துக்காகவே நாடுவது. பாதுகாப்பைக் கொடுத்து உள்ளத்தை வாங்கும் பண்டமாற்று, அதன் முழுத் தெளிவோடும் நிகழ்வது வேறு இரு நாவல்களிலேயே. ஒன்று, ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சமியாத்தின் 1920 - 21 காலப்பகுதியில் எழுதிய 'மி'. மற்றையது, அந்தனி பேர்ஜஸ் 1962இல் வெளியிட்ட 'எ குளொக்வேர்க் ஒரேஞ்ச்'.

'மி' என்னும் தலைப்பைத் தமிழாக்க முற்படுபவர் முதற் சொல்லிலேயே ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியவராகிறார். ரஷ்ய மொழியிலே தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே; தமிழிலோ கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', கேட்போரை விலக்கும் 'நாங்கள்' என இரண்டு. நாவலில் வரும் ஒற்றை அரசு தன் குடிகளை நோக்கிப் பேசுமிடத்து 'நாம்' என்றே பேசும். எவரும் வெளியே நில்லாத, நிற்கவும் இயலாத 'நாம்' அது. ஆனால் கதையை நாட்குறிப்பாக எழுதிச் செல்லும் டி-503, வேற்றுக் கோள்களில் வாழக்கூடிய முகமறியா வாசகரை விளித்து எழுதுகிறான். அவனுடையது 'நாங்கள்'. அச்சொல்லினுள்ளே 'நான்' என்ற ஒன்று முளைவிடுவதும், அது நோயென அறியப்படுவதும், ஈற்றில் அகற்றப்படுவதுமே கதை.

இந்நாவல் சோவியத் ஆட்சிக்கு எதிரான படைப்பு என்ற அளவிலேயே மேற்கில் நெடுங்காலம் போற்றப்பட்டது. 1924இலே நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதன்முதல் வெளிவந்தமையும், சொந்த நாட்டில் 1988 வரை அச்சேறாமையும், 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று ஆசிரியர் நாட்டைவிட்டு வெளியேறியமையும் அவ்வாசிப்புக்கு வலுவூட்டின. ஆயினும் அது அரைகுறை வாசிப்பே. சமியாத்தின் கப்பற் பொறியியலாளர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியிலே பொல்ஷெவிக்காகச் சிறை சென்றவர். 1916 - 17இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதிக் கப்பற்றளங்களிற் பனியுடைக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவர். அங்கிருந்த காலத்தின் விளைவாக அவர் எழுதிய 'தீவார்' என்னும் குறுநாவலில் ஓர் ஆங்கிலப் பாதிரியார் வருகிறார். மக்களைக் கட்டாயமாக ஈடேற்றும் பொருட்டு உணவு, உலாவுதல், பாவமன்னிப்பு யாவற்றுக்கும் நேர அட்டவணை வகுத்து வைத்திருப்பவர் அவர். ஒற்றை அரசின் குடிகள் அனைவரும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் உண்ணுமாறு விதிக்கும் 'மணி அட்டவணை' அப்பாதிரியாரின் மேசையிலேயே பிறந்துவிட்டது. அமெரிக்கத் தொழிற்சாலை முகாமையாளர் பிரடெரிக் ரெயிலரைப் பழங்காலத்தின் தலைசிறந்த மேதையென டி-503 கொண்டாடுவதும் மனங்கொள்ளத்தக்கது. ஆகவே சமியாத்தினின் அங்கதம் ஓர் ஆட்சிமுறையோடு அடங்குவதன்று. மனிதனை அவன் நன்மைக்காகவே ஒழுங்குபடுத்தத் துணியும் பொறியியல் மனப்பாங்கு எங்குளதோ அங்கெல்லாம் அது செல்லும்.

அவ்வுலகிலே வீடுகள் கண்ணாடியாலானவை. இளஞ்சிவப்புக் கூப்பன் பெற்ற நாளிலே குறித்த நேரத்துக்கு மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். தெருக்களிலே அழகாக மறைத்து வைக்கப்பட்ட மென்றகடுகள் உரையாடல்களைக் காவலர் பணிமனைக்காகப் பதிவு செய்கின்றன. இவற்றை எல்லாம் அச்சத்தோடு விவரிக்கும் பாத்திரமொன்றைச் சமியாத்தின் படைத்திருப்பின் நாவல் வெறும் எச்சரிக்கையாக முடிந்திருக்கும். அவர் படைத்ததோ இவற்றிலே அழகைக் காணும் ஒரு கணித வல்லுநனை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குக் கண்ணாடிச் சுவர் ஒரு விடுதலை என டி-503 உளமார எண்ணுகிறான். சுதந்திரத்தைச் சூனியமாக்கினாற் குற்றமும் சூனியமாகும் என்பதை வேகமற்று நிற்கும் வானூர்தியோடு ஒப்பிட்டு ஒரு சமன்பாடாகவே நிறுவுகிறான். அச்சமன்பாட்டிற் பிழையில்லை; அதுவே நாவலின் வலிமை. பாதுகாப்பின் கவர்ச்சியை உள்ளிருந்து உணர்த்தாத எந்தப் படைப்பும் இவ்விடயத்தில் வாசகனை வெல்ல முடியாது.

நாட்குறிப்பு என்னும் வடிவத்தை ஆசிரியர் கையாளும் திறன் தனித்து நோக்கத்தக்கது. 'இன்ரெக்ரல்' என்னும் விண்கலத்தில் ஏற்றி அனுப்புவதற்காக ஒற்றை அரசின் புகழ்பாடும் ஆக்கங்களை எழுதுமாறு அரசுப் பத்திரிகை அழைப்புவிட, அதற்கிணங்கவே டி-503 எழுதத் தொடங்குகிறான். அதாவது, அது பிறப்பிலேயே பொதுவுடைமை. ஐ-330 என்னும் கிளர்ச்சிக்காரப் பெண்ணைச் சந்தித்தபின் அதே தாள்கள் மெல்லமெல்லப் பிறர் காணக்கூடாதனவாகின்றன. தான் எழுதியதன்மேலேயே அமர்ந்து காவலரிடமிருந்து மறைக்கும் நிலை அவனுக்கு ஏற்படுகிறது. கண்ணாடி வீட்டிலே மறைவிடம் ஒன்று பிறந்துவிட்டது. வைத்தியர் அதற்கு 'ஆன்மா' என்று பெயரிட்டு, மாற்றுதற்கரிய நோயென்கிறார். பின்னர் அத்தாள்களை அவனறியாது படிப்பவள் யூ என்னும் பெண். அவன்மீது அன்பு கொண்டவள். அவனைக் காப்பாற்றுவதாகவே நம்புபவள். விண்கலத்தைக் கைப்பற்றக் கிளர்ச்சியாளர் வகுத்த திட்டம் அவ்வன்பின் வழியாகவே காவலரை எட்டுகிறது. அந்தரங்கத்தை உடைப்பவர் எப்போதும் பகைவராகவே இருப்பதில்லை என்பதை இதனினும் நுட்பமாகச் சொல்லுதல் அரிது.

நோய்க்கு மருந்தும் கண்டுபிடிக்கப்படுகின்றது. கற்பனையின் இருப்பிடமான மூளைக் கணுவை எக்ஸ் கதிரினால் மும்முறை சுட்டுவிட்டாற் போதும். முதலிலே அது ஒரு கொடையாக அறிவிக்கப்பட்டு, மக்கள் வரிசையில் வருமாறு அழைக்கப்படுகின்றனர். அழைப்பு விரைவிலே கட்டளையாகி, சிகிச்சைச் சான்றிதழ் இல்லாதார் பிடித்துச் செல்லப்படுகின்றனர். நாற்பதாவது பதிவை எழுதும் கை முன்னைய கையே. எழுதுபவன் மட்டும் இல்லை. தான் காதலித்த ஐ-330 காற்று உறிஞ்சப்படும் கண்ணாடி மணியின்கீழ் மும்முறை வதைக்கப்படுவதை அவன் அருகிருந்து பார்த்து, அவள் முகவெளிறலின் அழகைப் பற்றி எழுதுகிறான். பழைய தாள்களை எழுதியவன் தானா என வியக்கிறான். உள்ளத்தின் அந்தரங்கம் என்னும் அருவப் பொருளுக்கு இப்பக்கங்களைவிட உருவமான விளக்கம் வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பசுஞ் சுவருக்கு அப்பால் வாழும் உரோமம் படர்ந்த இயற்கை மனிதர், புனைவியற் கனவுக்கு மேலாக ஒன்றுமாகத் தேறவில்லை. ஐ-330 தன் நோக்கத்துக்காக டி-503ஐப் பயன்படுத்திக்கொள்ளும் விதம் பற்றியும் ஆசிரியர் போதிய கடுமை காட்டவில்லை. 1946 ஜனவரியிலே இந்நாவலுக்கு மதிப்புரை எழுதிய ஓர்வெல், தம் 1949ஆம் ஆண்டு நாவலுக்கு இதனிடம் பெற்ற கடன் சிறிதன்று என்பதை மட்டும் கூறி அப்பாற் செல்லலாம்.

சமியாத்தினின் உலகிற் குற்றவாளி என ஒருவன் பெரும்பாலும் இல்லை, சிந்திப்பவனே குற்றவாளி. பேர்ஜஸ் எடுத்துக்கொண்ட விடயம் இதனினும் கடினமானது. அவருடைய அலெக்ஸ் உண்மையாகவே கொடியவன். பதினைந்து வயதிலே கூட்டாளிகளோடு முதியோரை அடித்து நொறுக்குபவன். வீடு புகுந்து பெண்களைச் சிதைப்பவன். ஈற்றில் ஒரு மூதாட்டியின் சாவுக்குக் காரணமாகிப் பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெறுபவன். இரவிலே வெளியே வர அஞ்சிக் கதவடைத்துக் கிடக்கும் அந்நகரத்து மக்கள் பாதுகாப்பைக் கோருவது வீண் கோரிக்கையென எவரும் தள்ளிவிட முடியாது. 'சுதந்திரம்' என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தே இவ்வழக்கு வென்றுவிட்டதாகக் கருதும் விமர்சகர் அம்மூதாட்டிக்கும் ஒரு மறுமொழி சொல்லவேண்டும். நாவலின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. ரஷ்யச் சொற்களைக் கலந்து ஆசிரியர் ஆக்கிய இளைஞர் குழுஉக்குறி, புதுமை மிக்கதாயினும், அடிபடுவோரின் ஓலத்துக்கும் வாசகனுக்கும் இடையே ஒரு திரையாகிவிடுகிறது. பாதிக்கப்பட்ட பெண்களுள் எவளும் தன் குரலிற் பேசுவதில்லை. தராசின் ஒரு தட்டில் அலெக்ஸின் தெரிவுரிமையும் மறுதட்டில் முகமற்ற நிழல்களும் வைக்கப்படுகையில் எடை நேர்மையாக இராது.

அவன்மீது பிரயோகிக்கப்படும் 'லுடோவிக்கோ' முறை எளிமையானது. மருந்தூசி ஏற்றி, நாற்காலியிற் கட்டி, இமைகளை மூடவிடாது பிணித்து, வன்செயற் காட்சிகளைத் திரையிற் காட்டுகின்றனர். மருந்து தரும் குமட்டலும் காட்சியும் இரு வாரங்களில் ஒன்றாகிவிடுகின்றன. அதன்பின் கை ஓங்க நினைத்தாலே வாந்தி வரும். காட்சிகளின் பின்னணியாக ஒலித்த பீத்தோவனின் இசையும் அவனுக்கு நஞ்சாகிவிடுகிறது. அவ்விளைஞனின் உள்ளத்தில் எவர்க்கும் தீங்கிழைக்காது இருந்த ஒன்று அவ்விசை வேட்கை ஒன்றே. மருத்துவர் அதனைத் தவிர்க்கவியலாத சில்லறை இழப்பாகவே கருதுகின்றனர். தீயதை மட்டும் தெரிந்து அகற்றும் கருவியென விளம்பரம் பெற்ற ஒன்று, உள்ளே சென்றதும் எதையும் தெரிந்தெடுக்க அறியாதிருப்பதை ஆசிரியர் இவ்வாறு காட்டுவது நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

ஆயின், இந்நாவல் பற்றிய விவாதங்கள் சிறைச்சாலைப் பாதிரியாரின் வினாவைச் சுற்றியே பெரிதும் சுழல்கின்றன. நன்மையைத் தெரிய இயலாதவன் மனிதனா என்பது அவ்வினா. இறையியல் நோக்கில் அது ஆழமானதே. அதனிலும் முக்கியமான ஒரு செய்தி, போகிற போக்கிலே ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கப்பட்டிருப்பது போதிய கவனம் பெறவில்லை. அலெக்ஸைத் தெரிந்தெடுக்கச் சிறைக்கு வரும் உள்நாட்டமைச்சர் சாதாரணக் குற்றவாளிகளைச் சிகிச்சை மூலம் விரைந்து வெளியேற்ற வேண்டியதன் அவசியத்தை விளக்குகையில், அரசியற் குற்றவாளிகளுக்குச் சிறையிடம் முழுவதும் தேவைப்படக்கூடும் என்கிறார். தொழினுட்பத்தின் நோக்கம் அவ்வொரு கூற்றிலே அம்பலமாகிவிடுகிறது. காலியாகும் சிறைக்கூடம் காலியாகவே இருக்கப்போவதில்லை. கதையின் மூன்றாம் பாகத்திலே அவ்வரசை எதிர்த்து எழுதும் எழுத்தாளன் அடைத்துவைக்கப்படுகிறான். அலெக்ஸின் பழைய கூட்டாளியும் பழைய பகைவனும் பொலிஸ் சீருடை அணிந்து வீதியிலே மக்களை அடிக்கின்றனர். வன்செயல் ஒழிக்கப்படவில்லை, அது அரசுடைமையாக்கப்பட்டிருக்கின்றது. உள்ளத்தைக் கொடுத்தவன் ஒருவன். பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டது ஆட்சி. நகரத்து முதியோருக்கு முன்னர் அடித்த காடையர் போய்ச் சீருடை அணிந்த காடையர் வந்தனர்.

எதிர்க்கட்சியினரையும் பேர்ஜஸ் விட்டுவைக்கவில்லை. மக்கள் அமைதியான வாழ்வுக்காகச் சுதந்திரத்தை விற்றுவிடுவர் எனக் கவலைப்படும் அவ்வெழுத்தாளனும் அவன் நண்பர்களும், அரசுக்கெதிரான சான்றாக அலெக்ஸின் பிணத்தைப் பயன்படுத்த எண்ணி, அவனை ஓர் அறையிற் பூட்டி இசையால் வதைத்துச் சாளரத்தினூடே குதிக்கச் செய்கின்றனர். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அவனுடைய உள்ளம் கையாளத்தக்க ஒரு பொருளே.

நாவலின் இறுதி அத்தியாயம் பற்றிய வரலாறு இவ்விடத்து நோக்குதற்குரியது. மூன்று பாகங்களில் ஏழேழாக இருபத்தொரு அத்தியாயங்கள். அவ்வெண் அக்கால இங்கிலாந்தில் வயதுவந்தோராகும் ஆண்டைக் குறிப்பது. அமெரிக்கப் பதிப்பாளர் கடைசி அத்தியாயத்தை நீக்கி இருபதோடு நிறுத்தினர்; 1986இலேயே அது அங்கே மீளச் சேர்க்கப்பட்டது. 1971இல் ஸ்ரான்லி கியூபிரிக் எடுத்த புகழ்பெற்ற திரைப்படமும் குறைப் பதிப்பையே தழுவியது. நீக்கப்பட்ட அத்தியாயத்திலே சிகிச்சையின் விளைவிலிருந்து மீண்ட அலெக்ஸ், பதினெட்டு வயதிலே, எவரும் கட்டாயப்படுத்தாமல், அடிதடியில் அலுப்புத் தட்டி, மனைவி, மகன் என்று எண்ணத் தொடங்குகிறான். அது கலையழகிற் குறைந்த, அவசரமாக எழுதப்பட்ட முடிவென்பது உண்மையே. அவனாற் சிதைக்கப்பட்டோர் அவன் நினைவில் வருவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் அது இல்லாதவிடத்து நாவலின் வாதமே தலைகீழாகிவிடுகிறது. மனிதன் தானாக மாறமாட்டான் என்று கதை முடியுமாயின், அவனை இயந்திரத்தால் மாற்ற முனைந்த மருத்துவர் பக்கமே நியாயம் சாய்கிறது. தீமை குடிகொள்ளும் அதே அந்தரங்க அறையிலேதான் மனமாற்றமும் நிகழ்கிறது என்பதாலேயே அவ்வறை காக்கப்பட வேண்டியதாகிறது. டி-503இன் இறுதிப் பதிவில் இழந்தது எதுவோ, அதுவே அலெக்ஸின் இறுதி அத்தியாயத்தில் மீள்கிறது.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். 1950களில் மலாயாவில் ஆசிரியராகப் பணியாற்றிய பேர்ஜஸ், மனிதனைக் குறிக்கும் 'ஒராங்' என்ற மலாய்ச் சொல்லின் ஒலியைத் தம் தலைப்பிலே கேட்டிருந்தார். மணிக்கூட்டு விசை பூட்டிய தோடம்பழம், விசை பூட்டிய மனிதனுமாகும்.

இவை புனைவாளரின் மிகைக் கற்பனை என ஒதுக்குவோருக்கு 1973ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு மறுமொழியாகும். அயோவா மாநிலத்துப் பாதுகாப்பு மருத்துவ நிலையமொன்றிலே விதிமீறியோருக்கு வாந்தியுண்டாக்கும் அபோமோர்பின் ஊசி ஏற்றப்பட்டு வந்தது. அவ்விதிமீறல்கள் எவை? படுக்கையிலிருந்து எழாமை, பேசியமை, வசைச்சொல் கூறியமை, பொய்யுரைத்தமை, கட்டளைக்கு மாறாகச் சிகரெட் கொடுத்தமை. கொலையாளிக்கெனக் கற்பனை செய்யப்பட்ட சிகிச்சை நிஜவாழ்வில் வந்து சேர்ந்த இடம் அது. எழுத்துமூலமான, எந்நேரமும் மீளப்பெறத்தக்க சம்மதமின்றி அவ்வூசி ஏற்றலாகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து வேய்ன் மாவட்ட நீதிமன்றம், தடுத்துவைக்கப்பட்டிருந்த ஒருவருக்குப் பரிசோதனையாகச் செய்யவிருந்த மூளைச் சத்திரசிகிச்சையை நிறுத்தியது. அவர் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட்டிருந்தார். ஆயின், விடுதலையே மருத்துவர் கையில் இருக்கையில் அடைபட்டிருப்பவரின் சம்மதம் சுயேச்சையானதாக இருக்கமுடியாது என்றும், கருத்தை வெளியிடும் உரிமைக்கு முன்னதாகக் கருத்தை உள்ளத்தில் உருவாக்கும் உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் கண்டது. ஹொப்ஸ் கருவியின்மையால் விட்டுவைத்த இடத்துக்கு, கருவி வந்தபின் சட்டம் முதன்முறையாக வேலி இட முனைந்த தருணங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

அண்மைக்காலத்திலும் இம்முயற்சி தொடர்கிறது. 2010 மே மாதத்திலே இந்திய உச்ச நீதிமன்றம், மயக்கமருந்து கொடுத்து விசாரித்தல், பொய்யறி கருவி, மூளை மின்னலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக நிகழ்த்துதல் அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்த்தது. 2021இல் சிலி நாடு மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும் வாசகத்தைத் தன் அரசியலமைப்பிலே சேர்த்தது. ஆனால் இந்தியத் தீர்ப்பு, விரும்பி உடன்படுபவர்மீது தக்க காப்புகளோடு இச்சோதனைகளை நிகழ்த்த இடமளிக்கிறது. பொய்யறி கருவியைப் பொறுத்தவரை, சட்டத்தரணியின் உதவி பெறும் வாய்ப்பும் நீதவான் முன்னிலையிற் பதியப்படும் சம்மதமும் அக்காப்புகளுட் சில. அலெக்ஸும் விரும்பியே உடன்பட்டான். பதினான்கு ஆண்டுகளுக்குப் பதிலாகப் பதினான்கு நாட்கள் என்றபோது நீண்ட படிவமொன்றில் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டான். திரைப்படத்தை நிறுத்துமாறு நாற்காலியிலிருந்து அவன் கதறியபோது, அவ்வொப்பத்தை மீளப்பெறும் வழி எதுவும் அப்படிவத்தில் இருக்கவில்லை.